72 வயது அம்மாவுக்குப் பகலெல்லாம் தூக்கம், படியேறவும் முடியவில்லை: வயசுதானா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) தனியாக இருக்கும் அம்மாவுக்கு 72 வயது. பிரஷருக்கும் சீனிக்கும் கிளினிக் போகிறார். ஏழெட்டு மாதமாக "அசதியா இருக்கு" என்கிறார். பகலில் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார், ராத்திரி இரண்டரை மணிக்கு எழும்பி உட்கார்ந்துவிடுகிறார், பீலிக்கு (தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு) இறங்கினால் ஏறி வரும்போது இரண்டு தரம் நிற்கிறார். கேட்ட இடத்தில் "வயசு தானே" என்று சொல்லிவிட்டார்கள். மாதம் ஒருதரம் கொழும்பிலிருந்து வரும் நீங்கள், டொனிக் வாங்கிக் கொடுக்கவா, தூக்கத்துக்குக் குளிசை கேட்கவா என்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தெரியவேண்டியது, இது வயதா வருத்தமா, வீட்டிலிருந்தே அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான். அதற்கே பதில் எழுதுகிறேன். ஆளைப் பார்க்காமல் எழுதுவது என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் காலக் கணக்கு. வயது ஒரு மனிதரை வருடக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் தளர்த்தும். ஏழெட்டு மாதத்தில் ஒருவர் நடையும் தூக்கமும் மாறினால் பின்னால் ஏதோ காரணம் இருக்கிறது, பெரும்பாலும் ஒன்றுக்கு மேல். இதுவே ஒன்றிரண்டு நாளில் வந்திருந்தால் கதை வேறு. நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று எழுப்பினாலும் கண்ணைத் திறக்காமல் மயங்கிக் கிடந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ, மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ இந்தப் பதிலை வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். வயதானவர்களுக்கு நியூமோனியா என்ற சளிச்சுரமோ சிறுநீர்க் கிருமியோ வந்தால் காய்ச்சலே இல்லாமல் தூக்கமும் தடுமாற்றமும் மட்டும் தெரிவது சாதாரணம்.

உங்கள் அம்மாவுடையது மாதக்கணக்கு. ஆகவே நிதானமாகப் பார்க்கலாம். "அசதி" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கும். சும்மா இருந்தாலும் உடம்பு ஓய்ந்துபோய், எதைத் தொடவும் மனமில்லாமல் இருப்பது ஒன்று. இது சோர்வு. உட்கார்ந்தால் கண் சொருகுவது இரண்டாவது, தூக்கக் கலக்கம். மனம் இருக்கிறது, தூக்கமும் இல்லை, ஆனால் கால் தூக்காது. இது மூன்றாவது, பலக்குறைவு. மூன்றும் சேர்ந்தும் வரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தேடவேண்டிய இடம் வேறு என்பதால் பிரித்தே ஆகவேண்டும். "அசதியா?" என்று கேட்காதீர்கள், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் வரும். "போன வருஷம் செய்து இப்ப செய்யாம விட்டது என்ன?" என்று கேளுங்கள். பலர் அசதியே இல்லை என்பார்கள், ஏனென்றால் அசதி வரும் வேலையை எல்லாம் ஒவ்வொன்றாக விட்டிருப்பார்கள். பீலிக்கு ஒரு நாளைக்கு மூன்று நடை போனவர் ஒரு நடையாகக் குறைத்திருப்பார், ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு இறங்குவது நின்றிருக்கும், கோயில் மேட்டுக்குப் போகாததற்குக் "கூட்டமா இருக்கு" என்று ஒரு சாக்கு இருக்கும். விட்ட வேலைகளின் பட்டியல்தான் நோயின் உண்மையான அளவு.

இனி தூக்கம். இரண்டரைக்கு எழும்புகிறார் என்றீர்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறார்? மலையில் ஆறரைக்கே இருட்டு, குளிர், பனி. டிவி இல்லாத காம்பராவில் (அறையில்) ஏழரைக்கே போர்வைக்குள் போய்விடுவார்கள். ஏழரைக்குப் படுத்து இரண்டரைக்கு எழும்பினால் ஏழு மணித்தியாலம். அது முழுத் தூக்கம். அதை வருத்தம் என்று நினைத்துக் குளிசை கொடுப்பது பெரிய தவறு. முப்பது, நாற்பது வருடம் நாலு மணிக்கு எழும்பிப் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போன உடம்பு, வயதாகும்போது இன்னும் முன்னால் சாயும். இதற்கு மருந்து படுக்கும் நேரத்தை ஒன்பதரைக்குத் தள்ளுவதுதான். வாரத்துக்கு அரை மணித்தியாலம் தள்ளினால் போதும். பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன்னால், அரை மணித்தியாலத்துக்குள். பின்னேரம் இருட்டும் முன் வெளிச்சத்தில் அரை மணித்தியாலமாவது இருக்கவேண்டும்; முன்னால் சாய்ந்த உடம்புக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவது அந்த வெளிச்சம்தான்.

ஏழு மணித்தியாலம் தூங்கியும் பகலில் தூங்கி விழுகிறார் என்றால் தூக்கம் உடைகிறது என்று பொருள். மூன்று காரணம் முதலில் தேடுவேன். ஒன்று, சிறுநீர். கக்கூசு வெளியே, கானைத் தாண்டி நாலு படி இறங்கவேண்டும் என்றால், ஒரு தரம் போய் வந்தால் உடம்பு விறைத்து மறுபடி தூக்கம் பிடிக்க ஒரு மணித்தியாலம் ஆகும். மூன்று தரம் போனால் ராத்திரியே முடிந்தது. பகலில் கால் வீங்குகிறதா என்று பாருங்கள். அம்லோடிபின் என்ற பிரஷர்க் குளிசை சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். படுத்ததும் அந்த நீர் இரத்தத்துக்குத் திரும்பி ராத்திரி முழுவதும் சிறுநீராக வரும். பின்னேரம் ஒரு மணித்தியாலம் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்தால் அந்த நீரில் ஒரு பங்கு படுக்கைக்கு முன்பே போய்விடும். சிறுநீர் போவதற்கான குளிசை இருந்தால், டொக்டர் வேறு நேரம் சொல்லாவிட்டால், அதைக் காலையில் போடவேண்டும், பின்னேரம் போடக்கூடாது. பின்னேரம் மூன்றுக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். இரத்தத்தில் சீனி கூடினாலும் சிறுநீர் கூடும். ஒரு மூடி போட்ட வாளியையோ பேசினையோ கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ராத்திரி ஈரப் படியில் இறங்குவதைத் தவிர்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

இரண்டு, குறட்டை. பக்கத்துக் காம்பராவில் கேட்கிற அளவு குறட்டை, நடுவில் மூச்சு நின்று பிறகு திமிறிக்கொண்டு வருவது, காலையில் தலையிடி, வாய் வறட்சி: இவை இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடையாக இருக்கலாம். ஒல்லியானவர்களுக்கும், பற்கள் போனவர்களுக்கும் வரும். நீங்கள் வரும் ராத்திரியில் போனில் பத்து நிமிடம் பதிவுசெய்து கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆயிரம் வார்த்தையை அது மிச்சப்படுத்தும். மூன்று, புகை. விறகடுப்பின் புகை வருடக்கணக்கில் நுரையீரலைக் கெடுக்கும் என்பது ஒரு பக்கம். குளிருக்குக் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவு யன்னலை அடைப்பது இன்னொரு பக்கம், அது கார்பன் மொனொக்சைட் நஞ்சு. தலையிடி, மயக்கம், தூக்கம். வெளியே வந்தால் தெளிவு. விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி இதைக் காட்டாது, நல்ல எண்ணையே காட்டி ஏமாற்றும். கரிச்சட்டி இருந்தால் இன்றைக்கே வெளியேற்றச் சொல்லுங்கள்.

பகல் தூக்கத்தை அளக்க எப்வேர்த் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, அவுஸ்திரேலியாவில் 1991இல் வெளியானது. எட்டுச் சந்தர்ப்பங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் தூக்கம் அதிகம். ஆனால் அதில் புத்தகம் வாசிப்பதும் வாகன நெரிசலில் காருக்குள் நிற்பதும் வரும். எழுதப் படிக்காத, கார் இல்லாத அம்மாவுக்கு அந்த எண் அவ்வளவு பொருந்தாது. பதிலாக, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்குகிறாரா, ஹட்டன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்குகிறாரா, சாப்பிடும்போது தூங்குகிறாரா என்று கேளுங்கள். பஸ்ஸில் தூங்குவது எல்லோருக்கும் வரும். பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் தூங்குவதுதான் பிரச்சினை.

நான் அதிகம் சந்தேகப்படுவது மருந்துப் பையைத்தான். வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைகளையும், சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருப்பது உட்பட, ஒரு பாயில் கொட்டுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும், கிளினிக் கொடுத்ததும் பாமசியில் வாங்கியதும். சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் பிரிட்டோன் (Piriton), அதாவது குளோர்ஃபெனிரமின், வயதானவர் உடம்பில் நீண்ட நேரம் தங்கும். ராத்திரி போட்டது மறுநாள் பகலையும் மயக்கும், வாயை உலரவைக்கும், சிறுநீரை அடைக்கும், ஞாபகத்தைக் கெடுக்கும். குளிர்காலத்தில் அதைத் தினசரி விழுங்குபவர்கள் பலர். கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், கபாபென்டின், நோவுக்கான ட்ரமடோல், தூக்கத்துக்கான டயசிபாம் எல்லாமே இதே குடும்பத்துக் காரியத்தைச் செய்யும். டயசிபாம் வயதானவர் உடம்பை விட்டுப் போக நாட்கணக்கு ஆகும், அதற்குள் அடுத்ததைப் போட்டால் மேலே மேலே சேரும். நெடுநாள் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். டொக்டர் சொல்லும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும்.

சீனிக் குளிசையில் கிளிபென்கிளமைட் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். சாப்பாடு பிந்தினாலோ குறைந்தாலோ அது சீனியை 70க்குக் கீழே இறக்கிவிடும். காலை பத்து, பதினொரு மணிக்கு வியர்வை, கை நடுக்கம், பேச்சு மந்தம், பிறகு தூக்கம் என்று வந்தால் அது வயதின் தூக்கமில்லை. விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கவேண்டும். தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடக் கூடாது. இந்தக் குளிசையால் இறங்கிய சீனி சில மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் இறங்கும், ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பிரஷர்க் குளிசையைப் பொறுத்தவரை, உட்காரவைத்து ஒருதரம் பார்த்தால் போதாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்து, எழுப்பி நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளக்கவேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழும்பும்போது இரத்தம் தலைக்குப் போதவில்லை என்று பொருள். "கால்ல பலமில்ல", "கண்ணு இருட்டுது" என்பதெல்லாம் இதுவாக இருக்கலாம். பிரசோசின் என்ற குளிசை இதில் பேர்போனது, அதிலும் முதல் தடவையும் அளவு கூட்டிய நாளும். அந்தக் குளிசையும் இரவு வெளிக் கக்கூசும் சேர்ந்தால் இடுப்பு எலும்பு உடைவதற்கு வேறொன்றும் வேண்டாம். அட்டெனொலோல் போன்றவை நாடியை மெதுவாக்கும். மணிக்கட்டில் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள், 50க்குக் கீழே இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம், எண்களை எழுதிக் கொண்டுபோனால் போதும்.

இரத்தப் பரிசோதனையில் முதலாவது ஹீமோகுளோபின். பெண்களுக்கு 12க்குக் கீழே என்றால் இரத்தசோகை என்பது சமதரைக் கணக்கு. உயரம் கூடக்கூட உடம்பு கூடுதலாக இரத்தம் செய்யவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அட்டவணைப்படி, 1,000 முதல் 1,499 மீட்டர் வரை 0.8ஐயும், 1,500 முதல் 1,999 வரை 1.1ஐயும் அந்த 12 என்ற எல்லையோடு கூட்டிக்கொள்ளவேண்டும். தலவாக்கலை 1,200 மீட்டரை ஒட்டியது, நுவரெலியா 1,800க்கு மேல். ஆக அம்மாவின் றிப்போட்டில் 12.3 என்று இருந்து "நோர்மல்" என்று எழுதியிருந்தாலும், அங்கே அது குறைவுதான். இந்தத் திருத்தத்தை எல்லா லேப் றிப்போட்டும் காட்டாது, நீங்கள்தான் கேட்கவேண்டும்.

குறைவு என்றால் உடனே இரும்புக் குளிசை வாங்காதீர்கள். வயதானவருக்கு இரும்பு குறைந்தால் எங்கோ இரத்தம் கசிகிறதா என்று தேடுவதுதான் முதல் வேலை. மூட்டு நோவுக்கு டிக்லோஃபெனக் போடுகிறாரா, அஸ்பிரின் இருக்கிறதா, கொக்கிப்புழு இருக்கலாமா, குடலில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பரம்பரையாக வரும் தலசீமியா சுவடும் அதே மாதிரிச் சின்னச் சிவப்பணுவைக் காட்டும், அதற்கு இரும்பு உதவாது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தால் தெளிவாகும். இன்னொரு விஷயம், ரொட்டியும் பிளேன்டீயும் ஒன்றாகப் போகும் வழக்கம். தேயிலைச் சாயம், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடாது. தேத்தண்ணியை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு ஒரு துண்டு தேசிக்காய் பிழிந்தால் இரும்பு கூடுதலாக ஏறும்.

அடுத்து தைரொயிட். குளிர் தாங்காமை அதன் அடையாளம் என்று புத்தகத்தில் இருக்கும், ஆனால் தலவாக்கலையில் யாருக்குத்தான் குளிராது? அதனாலேயே அங்கே இது கவனத்திலிருந்து தப்பிவிடும். மலச்சிக்கல், முகம் ஊதல், குரல் தடித்தல், தோல் வறட்சி சேர்ந்தால் டீஎஸ்எச் (TSH) என்ற தைரொயிட் இரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபோமின் பல வருடமாகப் போடுகிறார் என்றால் பீ12 குறைந்திருக்கலாம், கால் மரத்துப்போவதும் அதனாலேயே இருக்கலாம். சிறுநீரகம், சோடியம், பொட்டாசியம் இவற்றையும் கூடவே பாருங்கள். மூன்று மாதச் சராசரிச் சீனி என்ற எச்பிஏ1சி இரும்புக் குறைவில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம், அதை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டினால் சீனி இறங்கும் ஆபத்து. மனம் பற்றியும் ஒரு வார்த்தை: பிள்ளைகள் எல்லாம் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்க, அடுப்பெரித்துத் தனக்கு மட்டும் சமைக்கிறவருக்கு அசதி என்பது துக்கத்தின் மறுபெயராகவும் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதுவும் மருத்துவம் பார்க்கவேண்டிய விஷயம்தான்.

இனி கால்கள். அளந்து பாருங்கள், அபிப்பிராயம் வேண்டாம். கைப்பிடி இல்லாத, 43 முதல் 45 சென்டிமீட்டர் உயரக் கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பிளாஸ்டிக் கதிரை வளையும், வழுக்கும், அது வேண்டாம். கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டி, ஐந்து தரம் முழுதாக எழும்பி உட்காரச் சொல்லி, போனில் நேரம் பாருங்கள். தசைத் தேய்வுக்கான ஐரோப்பிய நிபுணர் குழு 15 செக்கனைத் தாண்டினால் கால் பலம் குறைவு என்கிறது. ஆசியக் குழு 2019இல் 12 செக்கனையே எல்லையாக வைத்தது. இரண்டும் நம் லயத்து அம்மாமாரை அளந்து வைத்த எல்லையல்ல. ஒரே ஆளை மாதாமாதம் ஒப்பிடுவதில்தான் இதன் பயன் அதிகம். பிறகு நாலு மீட்டர் சாதாரண நடை: ஐந்து செக்கனுக்கு மேல் எடுத்தால் மந்தம். கெண்டைக்காலின் தடித்த இடத்தை அங்குலநாடாவால் சுற்றிப் பாருங்கள். பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் தசை கரைந்திருக்கலாம் என்று அதே ஆசியக் குழு சொல்கிறது. கால் வீங்கியிருந்தால் அந்த எண் பொய் சொல்லும்.

தசை கரைந்திருந்தால் திரும்பிக் கட்டலாம். இது நிச்சயமான பகுதி, எண்பது வயதிலும் நடக்கும். ஆனால் நடை மட்டும் போதாது, கால் பாரத்தை எதிர்த்துத் தள்ளவேண்டும். அதே கதிரையில் எழும்பி உட்காருவதை ஐந்து ஐந்தாக இரண்டு தரம், வாரத்தில் மூன்று நாள். முடியாவிட்டால் மடித்த கம்பளியை இருக்கையில் போட்டு உயர்த்துங்கள், பழகப் பழக அதை எடுத்துவிடலாம். யன்னல் கட்டையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து. ஒரே ஒரு படியில் ஏறி இறங்குவது ஒவ்வொரு காலுக்கும் ஐந்து. மூச்சை அடக்கக்கூடாது, எழும்பும்போது வெளியே விடவேண்டும். ஈரக் காலோடும் தேய்ந்த செருப்போடும் செய்யக்கூடாது. தொடை இரண்டு நாள் நோவது சரி, முழங்கால் வீங்குவது சரியில்லை. வீங்கினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம். கொழுந்துக் கூடையோடு மலை ஏறிய கால்கள் பென்ஷனுக்குப் பிறகு சும்மா இருந்தே இழந்த பலம் இது, ஒரு வாரத்தில் திரும்பாது.

பயிற்சிக்குக் கட்டுமானப் பொருள் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். 42 கிலோ என்றால் 42 முதல் 50 கிராம். காலையில் ஒரு ரொட்டியும் சம்பலும், பகல் சோறும் மரக்கறியும், ராத்திரி திரும்ப ரொட்டி: எப்படிக் கூட்டினாலும் 25ஐத் தாண்டுவது கஷ்டம். ஒரு முட்டையில் 6, உலர்ந்த சோயாமீட் 30 கிராமில் 15, ஒரு கோப்பை கெட்டிப் பருப்பில் 16 அளவு. சோயாமீட்டை நன்றாகப் பிழிந்து, கூட வரும் தூளைப் பாதி மட்டும் போடுங்கள், அதில்தான் உப்பு. கருவாடும் நெத்தலியும் நல்ல புரதம், ஆனால் பிரஷர்க்காரருக்கு ஊறவைத்துக் கழுவித்தான். சிறுநீரகம் பழுது என்றால் இந்தக் கணக்கு மாறும், முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினைன் தெரியவேண்டும்.

டொனிக்கைப் பற்றிக் கேட்டீர்கள். குறைபாடு இல்லாதவருக்கு விற்றமின் போத்தலும் "சக்தி" மாவும் அசதியைப் போக்கும் என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை. விற்றமின் டி (D) குறைந்தவருக்குக் கொடுக்கலாம், குறையாதவருக்கு விழுவதைத் தடுக்கும் என்று பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. பல டொனிக்குகளில் சீனிதான் முதல் சரக்கு. அந்தக் காசுக்கு மாதம் முப்பது முட்டை வாங்குங்கள். தூக்கக் குளிசைக்கு என் பதில் வேண்டாம் என்பதே. விழுதலும் மறதியும் கூடும் என்பது உறுதியாகத் தெரிந்தது. சோர்வும் நடை மந்தமும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதும் தெரிந்ததுதான், ஆனால் உங்கள் அம்மாவில் எது முதலில் வந்தது என்பதை மேலே சொன்ன அளவுகள் இல்லாமல் யாராலும் சொல்லமுடியாது.

செய்யவேண்டிய ஒழுங்கு இது: அடுத்த முறை வரும்போது ஒரு இரவும் ஒரு பகலும் கூட இருந்து, படுத்த நேரம், எழும்பிய தரம், குறட்டை, தூங்கி விழுந்த நேரம், அதற்கு முன் போட்ட குளிசை என்று எழுதுங்கள். மருந்துப் பையையும் அந்தத் தாளையும் கிளினிக் கொப்பியோடு கொடுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் டீஎஸ்எச், ஃபெரிட்டின் செய்ய வசதியில்லை என்றால் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ கடிதம் கேளுங்கள். "அசதியா இருக்கு" என்று மட்டும் சொன்னால் வரிசையில் நிற்கும் எழுபது பேரில் ஒருவராகிவிடுவார். "நிற்கும்போது பிரஷர் 26 இறங்குகிறது, ஐந்து தரம் எழும்ப 19 செக்கன்" என்று சொன்னால் டொக்டர் பேனாவைக் கீழே வைத்து நிமிர்ந்து பார்ப்பார். அடுத்த மாதம் அதே கதிரையில், அதே சுவரோரம், அதே காலை நேரத்தில் திரும்ப அளந்து, முதல் எண்ணுக்குக் கீழே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.